மேற்றிராணிமாரின் மரண சாசனங்கள்

பள்ளிக்கூடத்தில் இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியுமே அப்பொழுதெல்லாம் பேசினேன். அத்தேசத்து மக்கள் எழுதிவைத்த உயில்களைப் படித்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் ஓய்வு பெற்ற பின்னரே எனக்கு உண்டாயிற்று. ஒரு காலத்து மக்கள் எதை விரும்பினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதைச் சட்டப் புத்தகங்களைவிட உயில்கள் தெளிவாகக் காட்டுகின்றன. மத்திய காலத்து இங்கிலாந்தின் குருமாரும் மேற்றிராணிமாரும், அதாவது பிஷப்புகளும், தம் உடலைக் குறித்தும் உடைமையைக் குறித்தும் சொல்லிச் சென்ற விருப்பங்கள் சிலவற்றையும், அவை நிறைவேறிய விதத்தையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அக்காலத்து உயிலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கடவுளின் பெயரால் தொடங்கி, முதலில் ஆன்மாவை இறைவனிடமும் கன்னி மரியாளிடமும் புனிதர்களிடமும் ஒப்படைப்பார்கள். அடுத்து, உடல் எங்கே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று குறிப்பிடுவார்கள். அதன் பிறகுதான் வெள்ளிக் கிண்ணங்கள், படுக்கைகள், அங்கிகள், பூசைப் புத்தகங்கள் ஆகியவற்றின் பங்கீடு வரும். உயில்களை மெய்ப்பித்து ஏற்கும் அதிகாரம் திருச்சபையின் நீதிமன்றங்களிடமே இருந்தது. எனவே பல உயில்கள் மேற்றிராணிமாரின் பதிவேடுகளில் எழுதப்பட்டு அழியாமல் நின்றன. மடத்துத் துறவிகளுக்குச் சொந்த உடைமை இல்லாமையால் அவர்கள் உயில் எழுதுவதற்கில்லை. இங்கே நாம் காண்பவர்கள் மடத்துக்கு வெளியே இருந்த குருமாரும், மேற்றிராணிப் பதவி வகித்தவர்களுமே ஆவர்.

இவர்களுக்கு ஒரு தனிக் கவலை இருந்தது. இல்லறத்தாருக்குப் பிள்ளைகள் உண்டு. பெற்றோரின் நினைவை அவர்கள் பேணுவார்கள். குருவுக்கோ அத்தகைய வாரிசு இல்லை. சாவுக்குப் பின் பெரும்பாலோர் உத்தரிக்கும் ஸ்தலத்தில் நெடுங்காலம் வேதனைப்பட நேரிடும் என்றும், உயிருடன் இருப்போர் செய்விக்கும் பூசைகளும் கொடுக்கும் தருமமும் அந்தக் காலத்தைக் குறைக்கும் என்றும் அன்று எல்லோரும் நம்பினர். ஆகவே தமக்காக வேண்டிக்கொள்ளும் ஆட்களைப் பணம் கொடுத்தேனும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இறந்த முப்பதாம் நாள் பூசைக்கும், ஆண்டு நினைவுக்கும், தீப்பந்தம் ஏந்தி வரும் ஏழைகளின் உடைக்கும் அவர்கள் பணம் ஒதுக்கினர். வசதி மிக்கவர்கள் தம் கல்லறையின் மேலேயே சிறு கோயில் ஒன்றைக் கட்டி, அங்கே நாள்தோறும் பூசை நடைபெற நிலமானியம் எழுதிவைத்தார்கள். இத்தகைய கட்டளைக்குச் சான்றி என்று பெயர்.

இனி அடக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். வின்செஸ்டர் நகரத்து மேற்றிராணியாரான ஸ்விதின் 863-ஆம் ஆண்டளவில் இறந்தார். தம்மை ஆலயத்துக்குள் புதைக்காமல், வழிப்போக்கரின் காலடியும் கூரையிலிருந்து விழும் மழைத்துளியும் படும்படி வெளியே புதைக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாகப் பிற்காலத்து ஆசிரியர்கள் எழுதினர். வெளியே புதைக்கப்பட்டார் என்பது மட்டும் உறுதி. ஒரு நூற்றாண்டு வரை அங்கே கிடந்தார். அதன் பின்னர் அவருடைய புகழ் பெருகியது. 971-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் எலும்புகளைத் தோண்டி எடுத்து ஆலயத்துக்குள் வைத்தார்கள். அந்த நாளில் மழை பெய்தால் தொடர்ந்து நாற்பது நாள் பெய்யும் என்பது ஆங்கிலேயரிடையே வழங்கும் நம்பிக்கை. புனிதருக்கு இடமாற்றம் பிடிக்கவில்லை என்பதுதான் அதற்கு அவர்கள் கூறும் காரணம்!

ஸ்விதினின் விருப்பம் மரபுவழி வந்த செய்தி. லிங்கன் நகரத்து மேற்றிராணியார் பிலிப் ரெப்பிங்டனின் விருப்பமோ உயிலாகவே இருக்கிறது. இவர் இளமையில் ஆக்ஸ்போர்டில் விக்கிளிப் என்ற சீர்திருத்தவாதியைப் பின்பற்றியவர். 1382-இல் அக்கொள்கைகளைக் கைவிட்டுத் திருச்சபைக்குத் திரும்பியவர். மேற்றிராணிப் பதவியை 1419-இல் துறந்து, 1424-இல் காலமானார். தம் உடலை நிர்வாணமாக ஒரு சாக்கில் இட்டு, ஆடம்பரம் ஏதுமின்றி, பேராலயத்துக்கு அருகிலிருந்த புனித மார்கரெட் கோயிலுக்கு வெளியே திறந்த வானத்தின் கீழ்ப் புதைக்க வேண்டும் என்று அவர் எழுதினார். விக்கிளிப்பின் கொள்கை மனத்தில் எஞ்சியிருந்ததனால் இப்படி எழுதினாரோ என்று ஐயுறத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். விக்கிளிப்பின் கூட்டத்தாரைக் கடுமையாக ஒடுக்கிய கான்டர்பரி அதிமேற்றிராணியார் ஆரண்டலும் தம் உயிலில் தம் உடலை அழுகி நாறும் பிணம் என்றே இழித்துரைத்தார். அக்காலத்துப் பக்தியின் தொனியே அதுவாகும். ரெப்பிங்டனை எங்கே புதைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? பேராலயத்துக்குள்ளேதான். சாகும் வரை கட்டளையிட்டுப் பழகியவரின் கடைசிக் கட்டளை செல்லாமற்போயிற்று.

உடலின் நிலை இதுவானால், பொருளின் நிலை என்ன? இங்கே என் மனத்தை மிகவும் வருத்திய கதை ஒன்று உண்டு. ஊஸ்டர் நகரத்து மேற்றிராணியார் தாமஸ் காபம் ஒரு புத்தகப் பிரியர். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்கு அப்பொழுது தனக்கென ஒரு நூலகம் இல்லை. ஏறக்குறைய 1320-இல் புனித மரியாள் ஆலயத்தை ஒட்டி ஓர் அறையைக் கட்டத் தொடங்கி, தம் நூல்களை அங்கே வைக்கும்படி எழுதிக்கொடுத்தார். அவர் 1327-இல் இறந்தபோது அறையும் முற்றுப்பெறவில்லை, கடனும் தீரவில்லை. ஈமச் செலவுக்கும் கடனுக்குமாக, உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களே அந்தப் புத்தகங்களை அடகு வைத்தார்கள்! ஓரியல் கல்லூரியை நிறுவிய ஆதம் தெ புரோம் அவற்றை மீட்டார். மீட்டுத் தம் கல்லூரிக்கே கொண்டுபோனார். அடகை மீட்டவர் தாம் என்பது அவர் கட்சி; எங்களுக்கென்று எழுதப்பட்டவை என்பது பல்கலைக்கழகத்தின் கட்சி. ஆதம் இறந்து சில ஆண்டுகள் கழிந்ததும், 1337-இல், பல்கலைக்கழகத்தார் கூட்டமாக வந்து பலவந்தமாகப் புத்தகங்களை எடுத்துச் சென்றார்கள். வழக்கு முடிவாகத் தீர்ந்தது 1410-இல். நன்கொடையாளர் மறைந்து எண்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அந்த அறை இன்றும் இருக்கிறது; ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகம் அதுவே.

டர்ஹாம் நகரத்து ரிச்சர்ட் தெ பரிக்கு இந்த ஆறுதலும் கிட்டவில்லை. புத்தகங்களின் மீது கொண்ட காதலைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர் அவர். தம் நூல்களை ஆக்ஸ்போர்டு மாணவர்களுக்கு எவ்வாறு இரவல் தர வேண்டும் என்பதற்கு விதிகள்கூட வகுத்துவைத்தார். 1345-இல் கடனாளியாக இறந்தார். நூல்களில் பல விற்கப்பட்டுச் சிதறின.

இவர்களைக் கண்டு பாடம் கற்றார் போலும், வின்செஸ்டர் மேற்றிராணியாரான விக்கம் வில்லியம். உயிலை மட்டும் நம்பாமல், வேண்டியவற்றை உயிரோடிருக்கும்போதே முடித்துக்கொண்டார். ஆக்ஸ்போர்டில் நியூ காலேஜை 1379-இலும், வின்செஸ்டரில் பள்ளியை 1382-இலும் நிறுவினார். பேராலயத்தில் தம் கல்லறைக் கோயிலையும் தாமே கட்டுவித்தார். சிறு வயதில் பூசை காண நின்ற இடத்திலேயே அதை அமைத்தார் என்பர். நாள்தோறும் அங்கே மூன்று பூசை நடைபெற வேண்டுமென்று பேராலயத்து மடத்தாரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, 1404-இல் கண்மூடினார். அவருடைய சிலையின் காலடியில் மூன்று சிறு உருவங்கள் கைகூப்பி அமர்ந்திருக்கின்றன.

அந்தப் பூசைகளும் நிலைக்கவில்லை. எட்டாம் ஹென்றி 1539-இல் வின்செஸ்டர் மடத்தைக் கலைத்தார். அவருடைய மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில், 1547-இல் இயற்றப்பட்ட சட்டம், நாடெங்கும் இருந்த சான்றிக் கட்டளைகளை ஒழித்து நிலங்களை அரசுக்குச் சேர்த்தது. உத்தரிக்கும் ஸ்தலம் என்பதே வீண் நம்பிக்கை என்றது புதிய சமயம். யுக முடிவு வரை நடக்கும் என்று கருதி விடப்பட்ட தருமங்கள் ஒரு தலைமுறைக்குள் மறைந்தன. ஆனால் அதே சட்டம் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளுக்கும் வின்செஸ்டர் பள்ளிக்கும் விலக்கு அளித்தது. உள்நாட்டுப் போரின்போது, 1642-இல், பாராளுமன்றப் படையினர் பேராலயத்துக்குள் புகுந்து சூறையாடினர். விக்கத்தின் கல்லறைக்குத் தீங்கு நேராமல், அவருடைய பள்ளியில் படித்த படைத்தலைவர் ஒருவர் காத்து நின்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ உண்மையோ, பள்ளி ஆசிரியனாகிய எனக்கு அதை நம்பவே விருப்பம்.

விக்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்து வந்தவர்களுள் ஒருவர் ஹென்றி சிச்சலி. பின்னாளில் கான்டர்பரி அதிமேற்றிராணியார் ஆனார். ஏறக்குறைய 1425-இல், தாம் இறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே, தம் கல்லறையைப் பேராலயத்தில் அமைத்துக்கொண்டார். அது இரண்டு தட்டுகளாக உள்ளது. மேல்தட்டில் தலைப்பாகையும் பட்டு உடையும் அணிந்த அதிமேற்றிராணியார் கைகூப்பிக் கிடக்கிறார். கீழ்த்தட்டில் அவரே துணியற்று மெலிந்த பிணமாகக் கிடக்கிறார். அந்தக் காட்சியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே அவர் பூசைக்கு வந்து போனார். 1438-இல் ஆக்ஸ்போர்டில் ஆல் சோல்ஸ் என்ற கல்லூரியையும் ஏற்படுத்தினார். ஐந்தாம் ஹென்றிக்காகவும் பிரெஞ்சுப் போர்களில் மடிந்தவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வது அதன் உறுப்பினர்களுக்கு அவர் இட்ட கடமை. அந்த வேண்டுதல்கள் சமய மாற்றத்தோடு நின்றுபோயின. கான்டர்பரியில் இருக்கும் அந்த இரட்டைத் தட்டுக் கல்லறை மட்டும் வண்ணம் மங்காமல் இன்றும் காட்சியளிக்கிறது. அதைப் பேணி வருவது ஆல் சோல்ஸ் கல்லூரிதான்.