முட்டி திரும்பினால் சுளுக்கு வழிக்காதீங்க!
லீவு நாள் ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டு டாக்டர்கள் சொல்வது என்ன?

ஜூஜுவாடி:

தமிழ்நாட்டு எல்லை முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம் ஜூஜுவாடி. ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கும் வாலிபர்கள் நிறைந்த பகுதி. வாரமெல்லாம் மிஷின். லீவு கிடைத்தால் கிரிக்கெட், கபடி, வாலிபால்.

ஆட்டத்தில் கால் பிசகினால்? தைலம் போட்டு ஒரு தேய். சுளுக்கு வழிப்பு. இறுக்கி ஒரு கட்டு. மறுநாள் ஷிப்டு! இங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

'டப்'பென்று ஒரு சத்தம்

கால் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் சட்டென்று திரும்பினால் முட்டிக்குள் உள்ள 'ஏ.சி.எல்.' என்ற ஜவ்வு அறுந்துவிடலாம். அறுபடும்போது 'டப்'பென்று சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வதுண்டு. சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும்.

சில வாரத்தில் வீக்கம் வற்றும். நடக்கவும் முடியும். "சரியாயிடுச்சு" என்று மறுபடி ஆடப் போவார்கள். முட்டி நழுவும். உள்ளே இருக்கும் மற்ற ஜவ்வும் கிழியும்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. டாக்டர் முட்டியை அசைத்துப் பார்த்தும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தனிப் படிப்பு

விளையாட்டு மருத்துவம் தனிப் படிப்பு. இதற்கென்று எம்.டி. பட்டமே இருக்கிறது. ஆபரேஷன் வேண்டுமா, பயிற்சி போதுமா, எப்போது திரும்ப ஆடலாம் என்று முடிவு சொல்வது இவர்கள் வேலை.

ஏ.சி.எல். ஆபரேஷன் ஆனவர் மறுபடி களத்தில் இறங்க சுமார் 9 மாதம் ஆகும். காலண்டரை மட்டும் பார்த்து அனுப்புவதில்லை. அடிபட்ட காலுக்கு மறு காலின் பலம் வந்துவிட்டதா என்று அளந்து பார்க்கிறார்கள். வலி மறக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடுவது காயத்தைப் பெரிசாக்கும்.

நடராஜன் முட்டி

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை மறக்க முடியுமா? 2020-21-ல் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமானவர். முட்டிக் காயத்தால் 2021 ஐ.பி.எல். போட்டியிலிருந்து பாதியில் விலகினார். ஏப்ரலில் ஆபரேஷன். பிறகு பெங்களூர் தேசிய கிரிக்கெட் அகாடமியில் பயிற்சி. 2022 ஐ.பி.எல்.லில் 18 விக்கெட்!

ஜூஜுவாடியிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த அகாடமி கதவு லீவு நாள் ஆட்டக்காரனுக்குத் திறக்காதே!

உயிரைக் குடித்த கட்டு

2022 நவம்பரில் சென்னையில் நடந்த பரிதாபம் ஊரையே உலுக்கியது. 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு ஜவ்வு கிழிந்ததற்காக அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் போட்ட கட்டு இறுக்கமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைபட்டது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் காலையே எடுத்தும் பயனில்லை. நவம்பர் 15-ந்தேதி உயிர் பிரிந்தது. 2 டாக்டர்கள் சஸ்பெண்டு செய்யப்பட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் போட்ட கட்டே இப்படி என்றால், மைதானத்தில் நண்பர் போடும் கட்டு? கட்டுக்குக் கீழே விரல் நீலம் பூத்தாலோ, மரத்தாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ உடனே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சம்பளம் என்னாகும்?

வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ.யில் தனி நஷ்ட ஈடு உண்டு. லீவு நாளில் விளையாடி அடிபட்டால் அது கிடையாது. வைத்தியம் கிடைக்கும். தகுதி உள்ளவருக்கு நோய்க்கால உதவியாக சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை.  மிஷின் முன்னால் நின்று வேலை பார்ப்பவர் அதற்குள் குணமாகாவிட்டால் எங்கே போவார்? காயத்தை ஆரம்பத்திலேயே காட்டினால் ஆபரேஷன் வரை போகாமலே தப்பிக்கலாம்.

முதல் 2 நாள்

* ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள்.
* துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிஷம். நேராகத் தோலில் வைக்கக் கூடாது.
* காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள்.
* தேய்ப்பு, வெந்நீர் ஒத்தடம், சுளுக்கு வழிப்பு கூடவே கூடாது.

காலை ஊன்ற முடியவில்லையா? முட்டி நழுவுகிறதா? தைலப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். "ஜவ்வு கிழிந்திருக்குமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.