பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட வந்தால்: அம்பாங் வாசிகள் கையெழுத்துப் போடும் முன்…

அம்பாங் தடத்தில் எல்ஆர்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், மூன்று காலத்து வீடுகளை ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். தகரக் கூரை போட்ட பழைய வீடுகள் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் சாயம் வெளுத்து, ஜன்னலுக்கு வெளியே துணி காயும் நான்கைந்து மாடி அடுக்குமாடிகள். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மின்னும் கொண்டோமினியங்கள்.

இந்தக் கட்டுரை நடுவில் உள்ள அந்த வெளுத்த அடுக்குமாடிகளைப் பற்றியது. தோட்டத்தை விட்டு வந்து, புறம்போக்கு நிலத்தில் வீடு கட்டி, அங்கிருந்தும் எழுப்பப்பட்டு, கடைசியில் நம்மவர்களில் பலர் சொந்தமாக வாங்கிய முதல் வீடு அதுதான். தீபகற்பத்தில் 1980களின் தொடக்கத்தில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி. 1998இல் நகரங்களில் அது 42,000 வெள்ளி வரை போனது. அப்படி வாங்கிய வீடுகளுக்கு இப்போது முப்பது வயதாகிறது, அல்லது ஆகப்போகிறது. கட்டடம் கிழடாகிவிட்டது. ஆனால் அதன் கீழே இருக்கும் நிலம் எக்கச்சக்கமாக விலை ஏறிவிட்டது. ஒரு நாள் கதவிடுக்கில் ஒரு படிவம் வந்து விழும்: “மறுமேம்பாட்டுக்குச் சம்மதம்.” அதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரே பெயர், இரண்டு ஊராட்சி

அம்பாங் இல்லையென்றால் கோலாலம்பூரே இல்லை என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். 1857இல் கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா ஈயம் தேடி அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் படகை விட்டு இறங்கி, காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்த இடம் இந்த அம்பாங். முதல் மாதத்திலேயே மலேரியாவில் 69 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. சுரங்கத்துக்குப் பொருள் இறக்கிய அந்த ஆற்றங்கரைதான் பிறகு கோலாலம்பூர் ஆனது. ‘எம்பாங்கான்’, அதாவது நீரைத் தடுக்கும் அணை என்ற மலாய்ச் சொல்லிலிருந்து இந்த ஊரின் பெயர் வந்தது என்பார்கள்.

1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது அம்பாங்கின் நடுவில் கோடு விழுந்தது. ஒரு பகுதி கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கீழ் போனது. மறு பகுதி சிலாங்கூரிலேயே நின்று, 1992 முதல் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. கம்போங் பாண்டான் மாநகர் மன்றத்துக்கு, பக்கத்திலேயே உள்ள பாண்டான் இண்டா நகராண்மைக் கழகத்துக்கு. அங்கே குடியிருப்பவர்களே சில சமயம் குழம்புவார்கள். வீட்டுப் பிரச்சினைக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது, எந்தத் திட்டமிடல் சட்டம் பொருந்தும் என்பதெல்லாம் இந்தக் கோட்டைப் பொறுத்தது. வீட்டு வரி பில்லில் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

பிறகு வந்தது போக்குவரத்து. 1996 டிசம்பரில் எல்ஆர்டி ஓடத் தொடங்கியது. அம்பாங்கிற்கு வந்த பழைய இரயில் பாதையின் தடத்தையே அது பெருமளவு பயன்படுத்திக்கொண்டது. 2001இல் அம்பாங்–கோலாலம்பூர் மேம்பால நெடுஞ்சாலை திறந்தது. சுங்கை பீசியிலிருந்து உலு கிள்ளான் வரை போகும் சுக்கே மேம்பாலச் சாலையின் முதல் கட்டம் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அடுத்து எம்ஆர்டி 3 வட்டப் பாதை, ஏறத்தாழ 51 கிலோமீட்டர். திட்டத்தில் கம்போங் பாண்டான், பாண்டான் இண்டா, ஹில்வியூ, ஏயூ2 என்று நமக்குப் பழக்கமான பெயர்கள் நிலையங்களாக வரிசையாக வருகின்றன. நிலையம் எங்கே வருமோ, அங்கே நிலத்தின் விலை முன்கூட்டியே ஏறிவிடும். இரயில் வருவதற்கு முன்பே விளம்பரப் பலகை வந்துவிடுகிறது.

கணக்கு எங்கே இருக்கிறது

மேம்பாட்டு நிறுவனம் இலவசமாகப் புது வீடு தருகிறேன் என்றால், அதற்கு எங்கிருந்து இலாபம்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. விடை ‘நில விகிதம்’ என்ற கணக்கில் இருக்கிறது. நிலப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டடப் பரப்பு எழுப்பலாம் என்பதே அது. சில இடங்களில் இதையே ஏக்கருக்கு இத்தனை வீடு என்று கணக்கிடுவார்கள்.

ஓர் உதாரணம். இரண்டு ஏக்கர் நிலம் என்பது 87,120 சதுர அடி. அதில் 600 சதுர அடியில் 200 வீடுகள் இருந்தால், மொத்தம் 120,000 சதுர அடி. விகிதம் ஒன்றரைகூட வரவில்லை. அதே நிலத்தில் நான்கு மடங்கு கட்ட அனுமதி கிடைத்தால் 348,480 சதுர அடி எழுப்பலாம். பழைய 200 குடும்பங்களுக்கும் ஆளுக்கு 800 சதுர அடியில் வீடு கொடுத்தாலும் 160,000தான் செலவாகும். மீதி 188,000 சதுர அடிக்கு மேல் சந்தை விலையில் விற்கலாம். கட்டுமானச் செலவு, வங்கி வட்டி, அரசுக்குக் கட்டும் பணம் எல்லாம் அதிலிருந்துதான் கழியும். கழிந்த பிறகும் மிஞ்சும் என்று நம்புவதால்தான் அந்த நிறுவனம் நம் வாசல் தேடி வருகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கூடுதல் பரப்பு, 200 வீட்டுக்காரர்களும் சேர்ந்து வைத்திருக்கும் நிலத்தின் மேல்தான் எழுகிறது. அதனால் கொடுக்கப்படும் புது வீட்டை யாரோ போடும் தர்மமாக நினைத்துக் கும்பிட வேண்டியதில்லை. உட்கார்ந்து பேசிக் கேட்கலாம்.

பேசும்போது பராமரிப்புக் கட்டணத்தையும் கேளுங்கள். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தில் மாதம் சில பத்து வெள்ளியோடு முடியும் செலவு, புது கோபுரத்தில் சதுர அடிக்கு 30 சென் என்று வைத்தாலே 800 சதுர அடிக்கு 240 வெள்ளி. அதற்கு மேல் சிங்கிங் ஃபண்ட் பத்து விழுக்காடு. ஓய்வூதியம் இல்லாத ஒரு முன்னாள் தோட்டத் தொழிலாளிக்கு இலவசமாகக் கிடைத்த வீடே மாதாமாதம் கடனாகிப் போகலாம்.

நூறு விழுக்காடா, எண்பதா?

1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டத்தின்படி, ஓர் அடுக்குமாடியின் தனித்தனி உரிமைகளைக் கலைத்து மொத்தமாகக் கைமாற்ற வேண்டுமானால் உரிமையாளர் அனைவரின் ஒருமித்த தீர்மானம் வேண்டும். 200 பேரில் ஒருவர் முடியாது என்றாலும் நடக்காது. ஏழைக்கு இது பெரிய கவசம். அதே நேரத்தில், குழாய் வெடித்து, சுவர் பிளந்து, ஒழுகும் கட்டடத்தில் 199 பேர் தவித்துக்கொண்டிருக்க, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நிலையும் இதனால்தான் வருகிறது.

இதை மாற்றத்தான் வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சர் ங்கா கோர் மிங் 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவை மக்களவையில் தாக்கல் செய்தார். தாக்கலான வடிவில், 30 ஆண்டும் அதற்குக் குறைவும் ஆன கட்டடத்துக்கு 80 விழுக்காடு, 30 ஆண்டைத் தாண்டியதற்கு 75 விழுக்காடு, கைவிடப்பட்ட அல்லது பாதுகாப்பற்ற கட்டடத்துக்கு 51 விழுக்காடு சம்மதம் போதும் என்றிருந்தது. தீபகற்பத்தில் 534 இடங்கள் இதற்குத் தகுந்தவை என்றும் அவற்றில் 139 கோலாலம்பூரில் உள்ளன என்றும் சொல்லப்பட்டது. ஏழைகள் நகரத்தை விட்டே துரத்தப்படுவார்கள் என்ற எதிர்ப்பு கிளம்பியதில், அப்போதைக்கு இரண்டாம் வாசிப்பு தள்ளிப்போடப்பட்டது. அந்த மசோதாவின் கதி எதுவானாலும், இந்தச் சதவீத வாதம் திரும்பத் திரும்ப வரும் என்றே நினைக்கிறேன். கட்டடங்களின் வயது குறையப் போவதில்லையே.

சதவீதம் எதுவாக இருந்தாலும் எண்ணப்படுவது உரிமையாளரின் குரல். நம் குடும்பங்களில் பலருக்குச் சிக்கல் அங்கேதான். வீடு இன்னும் தாத்தா பெயரிலோ, இறந்துபோன அப்பா பெயரிலோ இருக்கும். பிள்ளைகள் கடனை அடைத்துவிட்டார்கள், வீட்டு வரி கட்டுகிறார்கள், ஆனால் கெரானில் பெயர் மாற்றவே இல்லை. அப்படியானால் அந்த வீட்டுக்காகக் கையெழுத்துப் போட யாருக்கும் சட்டப்படி அதிகாரம் இல்லை. வருகிற வீடும் யார் பெயரில் வரும் என்ற சண்டை, அண்ணன் தம்பிக்குள்ளேயே தொடங்கும்.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து ஐந்து மில்லியன் வெள்ளிக்கு மேற்படாமல், அதில் நிலமோ வீடோ இருந்தால், ‘சிறு சொத்து’ வழியில் நில அலுவலகத்திலேயே பிரித்துக்கொள்ளலாம். படிவம் ‘பொராங் ஏ’. உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோரும் இருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். மகள்களுக்கும் சமப் பங்கு உண்டு. “கல்யாணம் கட்டிப் போனவளுக்கு எதற்கு” என்ற பேச்சு நில அலுவலகத்தில் எடுபடாது.

அடுத்தது, தருகிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது. பேச்சுவார்த்தைக்கு மட்டும் சம்மதம் என்பது ஒன்று. கூட்டத்தில் எனக்காக இவர் வாக்களிப்பார் என்ற புரோக்சி கடிதம் இன்னொன்று. என் வீட்டை விற்கவும் மாற்றவும் இவருக்கு அதிகாரம் தருகிறேன் என்ற பவர் ஆஃப் அட்டர்னி முற்றிலும் வேறு. மூன்றும் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரே மாதிரிதான் அச்சாகியிருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் “சும்மா ஒரு சைன்தான் ஆத்தா” என்று வாங்கிப் போகிறவர்களும் உண்டு. படிவத்தைப் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பும் வரை யாரும் பேனாவைத் தொட வேண்டாம்.

பராமரிப்புப் பணம் பாக்கி வைத்திருப்பவர் பொதுவாகக் கூட்டுநிர்வாகக் கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நிர்வாகத்தின் மேல் கோபப்பட்டுக் கட்டாமல் விட்டவர், முக்கியமான அன்று மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நேரும். நிர்வாகம் கணக்குக் காட்டவில்லையென்றால் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றமும் இருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதிலும் இடமில்லை. ஒப்பந்தத்தில் உள்ள அறிவிப்புக் காலம் மட்டுமே அவர்கள் கையில். கட்டடம் காலியாகும்போது அவர்கள் போவது இன்னும் தொலைவுக்கு. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் அது தெரியும்.

கியாராவின் நீண்ட வீடுகள்

பேச்சுவார்த்தையில் வாய்மொழி வாக்குறுதி எவ்வளவு தாங்கும் என்பதற்கு புக்கிட் கியாராவைப் பார்க்கலாம். தோட்டம் கைமாறியபோது, அங்கே வேலை செய்த குடும்பங்கள் தற்காலிகம் என்று சொல்லி ‘ரூமா பாஞ்சாங்’ வீடுகளில் வைக்கப்பட்டார்கள். அந்தத் தற்காலிகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு நீண்டது. பிறகு தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் கொண்டோமினியக் கோபுரங்களோடு அவர்களுக்கும் வீடு என்று ஒரு திட்டம் வந்தது. பூங்கா போகக் கூடாது என்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதி ரத்து செய்யப்பட்டதை உறுதி செய்தது. நகரத் திட்டத்தை மன்றம் விருப்பம்போல் மீற முடியாது என்ற அந்தத் தீர்ப்பு நகரவாசிகள் எல்லாருக்கும் பெரிய வெற்றி. ஆனால் நீண்ட வீட்டுக் குடும்பங்கள் அன்று மாலையும் அதே கூரைக்கடியில்தான் தூங்கினார்கள். பூங்காவா, தொழிலாளி வீடா என்று இருவரை மோதவிட்ட அந்தத் திட்டத்தின் அமைப்பே தவறு என்பது என் கருத்து.

அந்தத் தீர்ப்பிலிருந்து அம்பாங்கிற்கு ஒரு பாடம் உண்டு. எல்லாம் நகரத் திட்டத்தில் இருக்கிறது. சிலாங்கூருக்குப் பொருந்தும் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, பக்கத்து நில உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி 21 நாளுக்குள் ஆட்சேபம் கேட்க வேண்டும் என்ற கடப்பாடு, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடங்களுக்குத்தான். உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே அரசிதழில் வந்துவிட்டால், நம் பேச்சுக்கான முதன்மையான நேரம் அதன் வரைவு கண்காட்சிக்கு வைக்கப்பட்ட அந்தச் சில வாரங்களே. அப்போது யாரும் போவதில்லை. பைலிங் இயந்திரம் வந்து சுவர் அதிர்ந்த பிறகு மனு எழுதுகிறோம்.

குன்றோரம் குடியிருப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் மூன்று கட்டடங்களில் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தனர். 2002இல் தாமான் ஹில்வியூவில் எட்டுப் பேர். 2008இல் புக்கிட் அந்தாராபங்சாவில் மறுபடியும் மண் சரிந்தது. மேலே மரம் வெட்டி, தண்ணீர் போகும் வழியை அடைத்தால், கீழே இருப்பவரின் தலையில் விழும். ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் 2006இல் கூட்டரசு நீதிமன்றம், ஊராட்சி மன்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அதனால் மேலே குன்றில் திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டால், சரிவு எத்தனை பாகை என்பதை முதலில் கேளுங்கள். 35 பாகைக்கு மேல் என்றால் அது நான்காம் வகுப்பு, மிக ஆபத்தான வகை.

இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று. உங்கள் வீட்டு கெரான் எண்ணோடு நில அலுவலகத்துக்குப் போய், ‘சாரியான்’ எடுத்துப் பாருங்கள். கட்டணம் பெரிதில்லை. உரிமையாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது, வங்கிக் கடன் அடைந்ததும் அடமானம் நீக்கப்பட்டதா, எவராவது கேவியட் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் ஒரே தாளில் தெரியும். ஸ்ட்ராட்டா கெரான் இன்னும் பிரிக்கப்படாமல் மூல நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால், அதைத் தெரிந்துகொள்ளவும் அந்தத் தாளே வழி.