காய்ச்சலுக்கு முன்னால் வரும் குழப்பம்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை நிரம்பி வழியும் நாட்களும், வடகிழக்குப் பருவமழையோடு நம் பக்கம் ஃப்ளூ பரவும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றுதான். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நடக்கும் ஊரில், வைரஸ் எந்த வீட்டு வாசலிலும் நின்றுவிடப் போவதில்லை. பேரன் தும்முகிறான், இரண்டு நாளில் தாத்தா இருமுகிறார். அந்தத் தாத்தாவுக்கு மறதி நோய், அதாவது டிமென்ஷியா இருந்தால் அதே சளி அவரை மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது.

கோவிட் காலம் இதை எண்களில் காட்டியது. 2020 மார்ச் முதல் ஜூன் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோவிட் தொடர்பாக இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு டிமென்ஷியா இருந்தது. இறந்தவர்களிடம் ஏற்கெனவே இருந்த நோய்களில் அதுவே முதலிடம் பிடித்தது. வயதானவர்கள்தானே, வயதுதான் காரணமாக இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பிரிட்டனில் 65 வயது கடந்த லட்சக்கணக்கானோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் வயது, பாலினம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், டிமென்ஷியா உள்ளவர்கள் கோவிட்டால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு என்று கண்டார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் டிமென்ஷியா தனி ஆபத்தாகவே நின்றது. அங்கே முதியோர் இல்லங்களில் தொற்று பரவியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்குத் தொற்றுகிறது என்பதைத்தான் அது விளக்கும். தொற்றிய பின் உடல் ஏன் இப்படிச் சரிகிறது என்பதற்கு அதில் முழு விடை இல்லை.

என் பார்வையில் விடையின் பெரும்பகுதி, நோயாளியால் சொல்ல முடியாததில் இருக்கிறது. ‘நெஞ்சு அடைக்குது’ என்று சொல்ல வார்த்தை வராது. ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் அது என்னவென்று புரியாமல் பிடுங்கி எறிவார். விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்தால், ஊட்டும் கஞ்சியில் ஒரு வாய் தொண்டையில் வழி மாறி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறும். முதியவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். அமெரிக்காவில் ஏழு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 817 முதிய கோவிட் நோயாளிகளில் 28 சதவீதம் பேர் திடீர் மனக்குழப்பத்தோடு வந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவும் இல்லை. நம் வீடுகளில் இந்தக் குழப்பத்துக்கு ‘வயசாயிடுச்சு, பெனாத்துறார்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அங்கேதான் நாட்கள் வீணாகின்றன.

மறதி நோயில் குழப்பம் தினமும் இருப்பதுதானே என்றால், மறதி மாதக்கணக்கில் மெல்ல வளர்வது. நேற்றுவரை தானே சாப்பிட்டவர் இன்று தட்டைப் பார்க்காமல் இருந்தால், பகலெல்லாம் தூங்கிவழிந்தால், அதைக் காய்ச்சலுக்குச் சமமாக மதித்து மருத்துவரிடம் போக வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் தினமும் கூட இருப்பவர் மட்டுமே. அதனால் மருத்துவமனையிலும் பழகிய முகம் ஒன்று படுக்கையருகே இருக்க வேண்டும். கோவிட் வார்டுகளில் அட்டெண்டரை அனுமதிக்காததற்குத் தொற்றுக் காரணம் இருந்தது, ஆனால் டிமென்ஷியா நோயாளியைப் பொறுத்தவரை அது அவர் வாயை அடைத்ததற்குச் சமம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியர் பிரஷரும் சுகரும் பார்க்கிறார். ‘நேத்து மாதிரியே இருக்காரா?’ என்று கூட இருப்பவரிடம் கேட்க இன்னும் ஒரு நிமிடம் போதும். வீடே இல்லாமல் கிரிவலப் பாதையோரம் படுத்திருக்கும் வயதான சாதுக்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவும் ஆளில்லை. அன்னதான வரிசையில் தினமும் தட்டேந்தும் முகம் ஒன்று இரண்டு நாள் காணாமல் போனால், பரிமாறுகிறவர் அவர் படுக்கும் இடத்துக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டும்.