ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஆப் செய்யணுமா? முதல்ல யாரைக் கேட்பீங்க?

நீங்க ஒரு பிசினஸ் அனலிஸ்ட். திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு ஏல ஆப் செய்யணும்னு ஒரு புராஜெக்ட் வருதுன்னு வச்சுக்குவோம். யார் யார்கிட்ட பேசுவீங்க? 'விவசாயி, வியாபாரி'ன்னு ரெண்டு பேரை எழுதிட்டு லேப்டாப்பைத் திறந்துட்டீங்களா? கொஞ்சம் பொறுங்க.

அந்த ஆப் வந்தா யாருக்கெல்லாம் லாபமோ நஷ்டமோ, அவங்க எல்லாருமே 'ஸ்டேக்ஹோல்டர்'தான். இந்தத் துறையின் கையேடான 'பபாக்', இவங்களைக் கண்டுபிடிக்க ஒரு வெங்காயம் வரையச் சொல்லுது. நிஜமாத்தான், பேரே 'ஆனியன் டயகிராம்'! நடுவுல ஆப் செய்யுற டீம். அடுத்த வளையத்துல அதைத் தினமும் பயன்படுத்துறவங்க. அதுக்கு வெளியே பணம் போடுறவங்க, தொழில் தெரிஞ்சவங்க. கடைசித் தோலில் வாடிக்கையாளர், சப்ளையர், அரசு.

ஒட்டன்சத்திரத்துக்கு வரைஞ்சு பாருங்க. கமிஷன் கடைக்காரர், கணக்கு எழுதுறவர், மூட்டை தூக்குறவங்க, லாரி டிரைவர், கேரளாவுக்குக் காய் வாங்குற வியாபாரினு வட்டம் பெருசாகிட்டே போகும்.

இதுல கமிஷன் கடைக்காரரைப் பார்த்ததும் 'இடைத்தரகர்தானே, தூக்கிடலாம்'னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா விதைக்கும் உரத்துக்கும், ஏன், வீட்டுக் கல்யாணத்துக்கும்கூட விவசாயி முன்பணம் வாங்குறது பெரும்பாலும் அவர்கிட்டதான். அந்தக் கடனுக்கு உங்க ஆப்ல பட்டன் இருக்கா? மத்திய அரசு 2016 ஏப்ரல் 14 அன்று 'இ-நாம்' மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. முதல் இலக்கு 585 மண்டிகள். ஸ்கிரீனில் விலை தெரிஞ்சும் பல இடங்களில் விவசாயிகள் பழைய கமிஷன் கடையை விடாததற்கு, இந்தக் கடன் உறவு முக்கியக் காரணம்.

சரி, எப்படிப் பேசுறது? ஏலம் சூடா நடக்கும்போது போய் ஃபார்மை நீட்டாதீங்க. சரக்கு ஏத்தி முடிச்சதும் டீக்கடையில் உட்காருங்க. "ஆப் வந்தா நல்லாருக்குமாண்ணே?"னு கேட்டா, "நல்லாருக்கும் தம்பி"ன்னு மரியாதைக்குச் சொல்லிட்டுப் போயிடுவார். "போன தடவை கொண்டு வந்த கத்திரிக்காய்க்குப் பணம் எப்பண்ணே கைக்கு வந்துச்சு?"ன்னு கேளுங்க, கதை வரும். கடைக்காரர் பக்கத்துல நிக்கும்போது விவசாயிகிட்ட இதைக் கேட்டுடாதீங்க. வாயே திறக்க மாட்டார்.

கேட்டதை அவங்ககிட்டயே திருப்பிச் சொல்லி, சரிதானான்னு பார்த்துக்கோங்க. மூட்டை தூக்குறவர் சொன்ன யோசனையைச் சேர்க்க முடியலைன்னா, ஏன்னு அவர்கிட்டயே நேர்ல போய்ச் சொல்லிடுங்க. டீ காசை நீங்களே கொடுங்க!