இரண்டாவது பேனல் வாங்கும் முன்

வாலாஜாபாத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கூரைமேல் 100 வாட் பேனல் ஒன்று. அது நிரப்பும் பேட்டரியில்தான் இரவு விளக்கு எரியும், விசிறி ஓடும். முதல் வருடம் எட்டு மணிக்கே விளக்கு மங்கியது. "இன்னொரு பேனல் போட்டுடுங்க அண்ணே" என்றார்கள். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு கூரையேறினேன்.

பேனலின் முதுகில் 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்று ஒட்டியிருந்தது. பெருக்கினால் 99 வாட். உச்சிவெயிலில் மீட்டர் காட்டியதோ 12.6 வோல்ட், 5.6 ஆம்பியர். 70 வாட்தான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நான் மாட்டியிருந்த மலிவான கன்ட்ரோலர் பெட்டி, பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துக் கட்டிப்போட்டிருந்தது.

மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்களுக்கு இது புரியும். நீர் அள்ளும் சால் மிகப் பெரிதானால் மாடு நகராது. மிகச் சிறிதானால் மாடு ஓடும், தண்ணீர் சேராது. நடுவில் ஓர் அளவு உண்டு. பேனலுக்கும் அப்படியே. ஆனால் அந்த அளவு வெயிலுக்கு வெயில், மேகத்துக்கு மேகம் மாறும். எம்பிபிடி என்ற வகைக் கன்ட்ரோலர் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது: வோல்டேஜைக் கொஞ்சம் நகர்த்தும், வாட் கூடினால் அதே பக்கம் போகும், குறைந்தால் திரும்பும். கிடைத்த கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்பும். 1960களில் விண்கலங்களுக்காக யோசித்த உத்தி இது.

சித்திரையில் இதன் லாபம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 25 டிகிரிக்கு மேல் பேனல் சுடச்சுட, டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் திறன் குறையும். இறங்குவது பெரும்பாலும் வோல்டேஜ்தான். பழையதற்குப் பதில் நான் மாட்டிய எம்பிபிடி பெட்டி மார்கழியில்தான் நன்றாகச் சம்பாதிக்கிறது.

உத்திரமேரூர்ப் பக்கம் வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் போட்ட சோலார் பம்புசெட்டுகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. அங்கே பேட்டரி இல்லை. வெயில் குறைந்தால் பெட்டி மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளும். ஒரு பேனல்மேல் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தால் மட்டும் பெட்டி ஏமாறும். வாட்டின் ஒரு சிறிய உச்சியையே பெரிதென்று எண்ணி நின்றுவிடும். கீற்றைக் கழித்துவிடுங்கள்.

பெட்டிமேல் எம்பிபிடி என்று அச்சடித்திருந்தால் மட்டும் நம்பாதீர்கள். நல்ல வெயிலில், பேட்டரி நிறையாதபோது இருபக்கமும் ஆம்பியர் அளக்கச் சொல்லுங்கள். பேட்டரிப் பக்கம் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றென்றால் அது எம்பிபிடி இல்லை, திருப்பிக் கொடுங்கள்.