பீட்டிங்குக்குப் போன கதை: இங்கிலாந்தில் வேட்டை பழகுவது எப்படி?

"சனிக்கிழமை பீட்டிங்குக்கு ஆள் குறையுது, வர்றியா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பீட்டிங் என்றால் நமக்குத் தெரிந்தது அடி உதைதானே. இந்த எழுபது வயது மனிதர் யாரை அடிக்கக் கூப்பிடுகிறார் என்று முழித்தேன். காட்டுக்குள் வரிசையாக நடந்து, புதரைத் தட்டி, பறவைகளைக் கிளப்பிவிடுகிற வேலைக்குத்தான் அந்தப் பெயர் என்று அப்புறம் விளக்கினார். நம்மூரில் கலைத்துவிடுவது என்போமே, அதுதான். வடக்கு யார்க்ஷயரில் குடியேறி ஆறு வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாத ஓர் உலகம் என் வீட்டிலிருந்து ரெண்டு மைலில் இருந்திருக்கிறது.

நம்மில் பலருக்கு வேட்டை என்றதும் நினைவுக்கு வருவது கென்னத் ஆண்டர்சன் கதைகள், அல்லது மான் வேட்டையில் மாட்டிக்கொண்ட யாரோ ஒரு பெரிய மனிதரின் வழக்கு. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. வேட்டை என்றாலே குற்றம் என்று படித்து வளர்ந்தவன் நான். இங்கே அது தபால்காரரும் பிளம்பரும் வார இறுதியில் செய்கிற காரியம். ஆனால் அதைச் சுற்றி இருக்கும் சட்டமும் நடைமுறையும் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வருஷமாகத் தேடிப் படித்ததையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்து நிலவரம். ஸ்காட்லாந்தில் பல விஷயங்கள் வேறு.

முதலில் பெயர்க் குழப்பம்

இந்த நாட்டில் 'ஹன்ட்டிங்' என்றால் குதிரையேறி நாய்க் கூட்டத்தோடு துரத்துவது. காட்டு விலங்கை நாய்விட்டு வேட்டையாடுவதை 2004 சட்டம் தடை செய்துவிட்டது. 2005 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. துப்பாக்கியால் பறவை சுடுவது 'ஷூட்டிங்'. மானைப் பதுங்கிப் பின்தொடர்ந்து சுடுவது 'ஸ்டாக்கிங்'. மீன்பிடிப்பையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் 'கன்ட்ரி ஸ்போர்ட்ஸ்'. "நான் ஹன்ட்டிங் போகிறேன்" என்று ஆபீசில் சொல்லி, ஒரு வாரம் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

எப்போது வேண்டுமானாலும் சுடவும் முடியாது. கிரவுஸ் பறவைக்கு ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. கவுதாரிக்கு செப்டம்பர் 1, ஃபெசன்டுக்கு அக்டோபர் 1, இரண்டுக்கும் முடிவு பிப்ரவரி 1. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் இவற்றைச் சுடக் கூடாது. 1831-இல் போட்ட சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஃபெசன்ட் என்பது நம் கோழி, மயில் குடும்பத்துப் பறவை. ஆண் பறவைக்குச் செம்பு நிற உடம்பு, பச்சைக் கழுத்து, நீண்ட வால். இது பிரிட்டனின் சொந்தப் பறவை அல்ல, ஆசியாவிலிருந்து வந்தது. இன்றைய ஜார்ஜியாவில் ஓடும் ஒரு ஆற்றின் பழைய பெயரான ஃபாசிஸ் என்பதிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. வருஷாவருஷம் கோடிக்கணக்கில் பண்ணையில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். "வளர்த்து விட்டுச் சுடுவது எப்படி வேட்டையாகும்?" என்று கேட்பவர்கள் இங்கேயே நிறைய. நியாயமான கேள்விதான். எனக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

குச்சியும் கொடியும்

பீட்டருக்கு லைசன்ஸ் வேண்டாம், துப்பாக்கி வேண்டாம். நல்ல பூட்ஸ், மழைக்கோட்டு, ஒரு கம்பு போதும். என் கம்பின் நுனியில் பழைய தீவனச் சாக்கை வெட்டிக் கொடியாகக் கட்டிக் கொடுத்தார் பெரியவர். டிராக்டர் இழுத்த வண்டியில் வைக்கோல் கட்டுமேல் உட்கார்ந்து போனோம். ஓய்வு பெற்ற டீச்சர், காலேஜ் பையன்கள், ஒரு நர்ஸ், ஏழெட்டு நாய்கள். சாயங்காலம் கையில் கொஞ்சம் காசும் ஒரு ஜோடி பறவையும் தருவார்கள்.

வேலை சுலபம் மாதிரி தெரியும், ஆனால் இல்லை. வரிசை வளையாமல் மெதுவாக நடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் பறவைகள் பக்கவாட்டில் நழுவிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் வீண். நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். காட்டுக்கு அந்தப் பக்கம், நட்ட குச்சிகளின் அருகே எட்டுப் பேர் துப்பாக்கியோடு நிற்பார்கள். யாருக்கு எந்தக் குச்சி என்பது காலையில் சீட்டுப் போட்டு முடிவாகும். ஹார்ன் ஊதியபின் யாரும் முன்பக்கமாகச் சுடக்கூடாது, ஏனென்றால் அந்தத் திசையிலிருந்துதான் நாங்கள் வந்துகொண்டிருப்போம்.

அன்று மதியம் ஒரு பறவை இறக்கை முறிந்து என் காலடியில் வந்து விழுந்தது. உயிர் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "சீக்கிரம்! அதைக் காக்க வைக்காதே" என்றார் பெரியவர். கை நடுங்கியது. அவரே வாங்கி, கம்பின் பிடியால் தலையில் ஒரே தட்டு. பிறகு என்னைப் பார்த்து, "அடுத்தது நீ. இது முடியாதுன்னா துப்பாக்கி எடுக்கிற ஆசையை விட்டுடு" என்றார்.

நான் வாரம் தவறாமல் கோழி வாங்குகிறவன். ஊரில் கறிக்கடைக்காரர் முதுகைக் காட்டியபடி அறுத்து, தோலுரித்து, பையில் போட்டுத் தருவார். நான் அந்த நேரத்தில் ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பது வருஷமாகச் சாப்பிட்டதற்கான கணக்கை அந்தப் பறவை என்னிடம் கேட்ட மாதிரி இருந்தது. அடுத்த பறவையை நானே செய்தேன். பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பிக்கிறவர்கள் துப்பாக்கிக்கு முன்னால் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

களிமண் தட்டு

சுடப் பழகுவதற்கும் உடனே லைசன்ஸ் தேவையில்லை. அனுமதி பெற்ற மைதானங்களில் மெஷின் எறியும் தட்டுகளைப் பயிற்சியாளர் துணையோடு சுடலாம். முதல் பாடத்தில் அவர் செய்தது கண் சோதனை. இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தில் ஒரு பொருளை விரலால் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் அந்தப் பொருள்மேலேயே நிற்கிறதோ, அதுதான் ஆளும் கண். எனக்கு வலக்கை, ஆனால் இடக்கண் ஆள்கிறது. இது தெரியாமல் வருஷக்கணக்கில் குறி தவறுகிறவர்கள் இருக்கிறார்களாம்.

பொதுவாகப் பயன்படுவது 12 போர் இரட்டைக் குழல். அந்த 12 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம்தான் குழலின் விட்டம். 20 போர் என்றால் 20 உருண்டை, அதனால் குழல் சிறியது. எண் கூடக் கூடத் துளை சின்னதாகும். தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இருக்காது, நூற்றுக்கணக்கான ரவைகள் இருக்கும். நம்பிச் சுடக்கூடிய தூரம் 35, 40 மீட்டர்தான். பறவை இருக்கும் இடத்தைச் சுட்டால் ரவை போய்ச் சேரும்போது அது அங்கே இருக்காது. துப்பாக்கியை அதோடு ஓட்டி, முந்தி, சுட்ட பிறகும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம், கையில் வர ஆறு மாசம்.

போலீஸ் வீட்டுக்கு வரும்

ஷாட்கன் சான்றிதழ் தருவது உள்ளூர் போலீஸ். ஐந்து வருஷம் செல்லும். உங்களைத் தெரிந்தவர்களின் சான்று, டாக்டரின் மருத்துவத் தகவல், அதன்பின் அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரணை. சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி எங்கே இருக்கும் என்று பார்ப்பார். சாவி இருக்குமிடம் மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது. வீட்டில் ஒளித்து வைத்த எதையும் கண்டுபிடித்துவிடுகிற என் மனைவிக்கு இது பெரிய அவமானம்!

1996-இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு இந்த நாடு கைத்துப்பாக்கிகளையே தடை செய்துவிட்டது. 2021-இல் பிளிமத்தில் சான்றிதழ் வைத்திருந்த ஒருவன் ஐந்து பேரைக் கொன்றபின் மருத்துவச் சோதனை கட்டாயமானது. இந்தப் பின்னணி தெரிந்தால் கெடுபிடிமேல் கோபம் வராது.

எனக்கு வந்தது பயம். விண்ணப்பத்தில் மனச்சோர்வு உண்டா என்று ஒரு கேள்வி. அம்மா இறந்தபோது ஊருக்குப் போக முடியவில்லை. அதற்கப்புறம் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். அதை எழுதினால் நிராகரித்துவிடுவார்களோ என்று இரண்டு வாரம் ஃபாரத்தை மேசையிலேயே வைத்திருந்தேன். "எழுதாம விட்டா என்ன?" என்றுகூட நினைத்தேன். பெரியவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பழையபடி ஆனா, துப்பாக்கியை என்கிட்ட கொண்டுவந்து வைப்பியா?" வைப்பேன் என்றேன். "அப்ப எழுது" என்றார்.

எழுதினேன். வந்த அதிகாரி அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார், அதட்டாமல். மனச்சோர்வு இருந்தது என்பது மட்டுமே தடை ஆகாது, மறைப்பதுதான் தடை. பல மாதம் இழுத்தது, ஆனால் கிடைத்தது. உங்களில் யாராவது இதே கேள்விமுன் தயங்கி நின்றால், முதலில் டாக்டரிடம் பேசுங்கள், பிறகு உள்ளதை எழுதுங்கள். இன்றைக்கு வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால், வேண்டாம்தான்.

ரைஃபிள் என்றால் இதைவிடக் கடுமை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். சுட நிலம் வேண்டும். இங்கே எந்த நிலமானாலும் அதற்கு ஒரு உரிமையாளர் உண்டு. அவர் அனுமதி இல்லாமல் நுழைந்தால் சான்றிதழ் இருந்தாலும் அது திருட்டு வேட்டைதான். பொறுப்புக் காப்பீடும் அவசியம். வேட்டைச் சங்கங்களில் உறுப்பினரானால் சந்தாவிலேயே அது அடங்கிவிடும்.

குழம்பில் ரவை

முதல் ஜோடி ஃபெசன்டைச் சின்ன வெங்காயம், மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தோம். கொழுப்பே இல்லாத கறி, நாட்டுக்கோழி மாதிரி கொதிக்கவிட்டால் நாராகிவிடும். சாப்பிடும்போது மனைவி பல்லில் 'கடக்' என்றது. ஈய ரவை! "இந்த ரவையில உப்புமாவா கிண்டறது?" என்றாள். சிரித்தோம், ஆனால் மகளின் தட்டை எடுத்துவிட்டோம்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஈய ரவையால் சுட்ட கறியைக் குறைக்கும்படி இங்குள்ள உணவுத் தர முகமையே சொல்கிறது. இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை 1999 முதலே தடை. 2025 ஜூலையில் அரசு வேட்டைக்கான ஈயத் தோட்டாக்களுக்கும் தடை அறிவித்து, மூன்று வருஷ அவகாசம் கொடுத்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் நாளிலிருந்தே ஸ்டீல் ரவைக்குப் போய்விடுங்கள். பழைய துப்பாக்கி வாங்கினால் அது ஸ்டீலைத் தாங்குமா என்று துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.

மானும் வானமும்

பறவைகளைவிட எனக்கு மனம் ஒப்பியது மான். பிரிட்டனில் ஆறு வகை மான்கள் உண்டு. சிவப்பு மானும் ரோ மானும் மட்டும்தான் மண்ணின் மைந்தர்கள். ஓநாயும் லின்க்ஸும் அழிந்துபோய் எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று, அதனால் மானுக்குப் பகை இல்லை. பெருகி, இளங்கன்றுகளைத் தின்று, காடு மறுபடி முளைக்கவிடாமல் செய்கிறது. காட்டைக் காப்பாற்றவே மானைக் குறைக்க வேண்டியிருக்கிறது. தொடக்க நிலைச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று உண்டு. சட்டம், இனம் காணுதல், நோய் அறிதல், குறி எல்லாம் சோதிப்பார்கள்.

முதல் முறை போனது மே மாதம், விடியற்காலை, ஆண் ரோ மானுக்கான பருவம். தொழில்முறை வழிகாட்டி கூட இருந்தார், ரைஃபிளும் அவருடையது. ஒரு மணி நேரம் தவழ்ந்தபின் 90 மீட்டரில் ஒரு மான், அசையாமல், பக்கவாட்டில். விரல் தயார். "வேண்டாம்" என்றார். மான் மேட்டின் உச்சியில் நின்றது. அதன் பின்னால் மண் இல்லை, வானம்தான். ரைஃபிள் குண்டு மைல்கணக்கில் போகும். மேட்டுக்கு அந்தப் பக்கம் கிராமத்துச் சாலை. மான் எங்களைப் பார்த்தது, போய்விட்டது. அன்று வெறுங்கையோடு திரும்பினோம். எனக்கு மனம் குறைபட்டது. "இன்னைக்கு நீ நல்லா வேட்டையாடின" என்று அவர் தோளில் தட்டினார்.

மூன்றாவது முறை கிடைத்தது. பின்னால் மண்சரிவு இருந்தது. முப்பதடி ஓடி விழுந்தது. குடலை எடுத்து, கல்லீரலையும் நிணநீர்க் கட்டிகளையும் நோய்க்குறி இருக்கிறதா என்று பார்த்தோம். கையெல்லாம் சூடு, நாற்றம். நான் அழவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. ஃபோன் பையிலேயே கிடந்தது.

இப்போது வீட்டில் கறி வாங்குவது குறைந்துவிட்டது. வருஷத்துக்கு இரண்டு மான், சில புறாக்கள், மற்ற நாளெல்லாம் பருப்புக் குழம்பு. வேட்டை சரியா தப்பா என்று உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஆசை இருக்கிறது, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். துப்பாக்கிக் கடைக்குப் போகாதீர்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு காட்டைக் கலைக்கப் போங்கள். மதியத்துக்குள் உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்துவிடும்.