பச்சை மட்டும் வரல, அத்தை!

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் என்னைத் தண்டலத்தில் இறக்கிவிட்டுப் போனது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் மகன் ஓடிவந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். திங்கட்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை அட்டையில் வெட்டி ஒட்டி, தீப்பெட்டிகளைக் கன்டெய்னர் லாரியாக நிறுத்தி, நடுவில் ஒரு சிக்னல் கம்பம் நட்டிருந்தான். ஓரத்தில் சுங்கச்சாவடி. அதன் தடுப்புக் கட்டையைத் தூக்க ஒரு பொம்மை மோட்டாரும் தயாராக இருந்தது.

"போர்டு போச்சு அத்தை. பச்சை மட்டும் வரல. வேற போர்டு வாங்கித் தரச் சொல்லி அப்பாகிட்ட சொல்லுங்களேன்."

சிவப்பு எரிந்தது. மஞ்சள் எரிந்தது. பச்சை வரவேண்டிய ஐந்து நொடியும் இருட்டு. அப்புறம் மறுபடி சிவப்பு. இப்படி ஒரு சிக்னல் நிஜமாகவே இருந்தால் ஸ்ரீபெரும்புதூர் வரை லாரிகள் நிற்கும்.

அவன் வைத்திருந்தது ஆர்டுயினோ ஊனோ. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில் மாணவர்களுக்காக உருவான போர்டு வகை. அங்கே இருந்த ஒரு மதுக்கடையின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்! ஊனோவின் ஓரத்தில் 0 முதல் 13 வரை எண் போட்ட ஓட்டைகள் இருக்கும். அவற்றைப் 'பின்' என்போம். புரோகிராம் சொன்னால் பின்னில் 5 வோல்ட் வரும், சொன்னால் நிற்கும். அவன் 10-இல் சிவப்பு, 9-இல் மஞ்சள், 8-இல் பச்சை எல்இடி மாட்டியிருந்தான்.

'போர்டு போச்சு' என்பதை நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன். எனக்கு வேலையே போர்டு சோதிப்பதுதான். பீஷ்மரின் அம்புப் படுக்கை தெரியுமா? எங்கள் சோதனை மேடையும் அப்படித்தான் இருக்கும். ஸ்பிரிங் வைத்த நூற்றுக்கணக்கான ஊசிகள் நிமிர்ந்து நிற்கும். போர்டை அதன்மேல் அழுத்தினால் ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு இடத்தைத் தொட்டு, 'இங்கே சரியா, இங்கே சரியா' என்று கேட்டுவிடும். வீட்டில் ஊசிப் படுக்கை கிடையாது. ஆனால் வேலை செய்கிற சிவப்பு விளக்கு பக்கத்திலேயே இருக்கிறதே!

"10-ல இருக்கறதைக் கழட்டிட்டு, 8-ல இருக்கற ஒயரைப் பிடுங்கி அங்க சொருகு" என்றேன்.

சொருகினான். சிவப்பு வரவேண்டிய நேரத்தில் பச்சை பளிச்சென்று எரிந்தது. ஆக, எல்இடி நல்லது, ரெசிஸ்டர் நல்லது, ஒயர் நல்லது, கிரவுண்டும் சரி. நாலு சந்தேகம் ஒரே சொருகலில் தீர்ந்தது. பாக்கி இரண்டுதான்: எட்டாம் பின், இல்லாவிட்டால் புரோகிராம்.

"பார்த்தீங்களா, போர்டுதான்!" என்று குதித்தான்.

மல்டிமீட்டரை எடுத்தேன். 8-இல் ஒயர் எதுவும் மாட்டவில்லை. மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை 8-இலும் வைத்தேன். பச்சைக்கான நேரம் வந்ததும் மீட்டர் கிட்டத்தட்ட 5 வோல்ட் காட்டியது. பயல் முகம் சுருங்கிவிட்டது. பின் செத்திருந்தால் இது எப்படி வரும்? இப்போது பச்சை விளக்கின் ஒயரை 8-இல் மாட்டி அளந்தோம். 2 வோல்ட் பக்கம் விழுந்துவிட்டது.

எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு, எல்இடியைச் சுற்றி இரண்டு கையையும் குவித்து அவனை எட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"அத்தை... எரியுது! ரொம்ப மங்கலா!"

ஆமாம். சரியாகப் பச்சைக்கான ஐந்து நொடி மட்டும், மின்மினி மாதிரி.

கார்ப்பரேஷன் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ அடைப்பு. குழாய் மூடியிருக்கும்போது உள்ளே தண்ணீர் நிறைந்துதான் நிற்கும். திறந்து குடம் வைத்தால் நூல் மாதிரி வழியும். மீட்டர் வெறும் பின்னில் 5 வோல்ட் பார்த்தது அந்த மூடிய குழாயைத்தான். விளக்கு என்னும் குடத்தை வைத்ததும் குட்டு வெளிப்பட்டது.

அடைப்பு எங்கே? ஒவ்வொரு பின்னும் காதாகவும் இருக்கலாம், வாயாகவும் இருக்கலாம். போர்டுக்கு மின்சாரம் வந்ததும் எல்லாமே காதுகள்தான், அதாவது இன்புட். 'நீ பேசு' என்று 'பின்மோட்' கட்டளையில் சொன்னால்தான் அவுட்புட் ஆகும். சொல்லாமல் 'எரி' என்று மட்டும் கட்டளையிட்டால், ஊனோவின் சிப் தன் உள்ளே இருக்கும் 20,000 முதல் 50,000 ஓம் வரையிலான ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டைக் கசியவிடும். கணக்குப் போடுவோமா? எல்இடி எடுத்துக்கொள்ளும் 2 வோல்ட் போக மீதி 3 வோல்ட். வழியில் அவன் வைத்த 220 ஓம் மட்டும் இருந்தால் சுமார் 14 மில்லிஆம்பியர் ஓடும். 30,000 ஓம் குறுக்கே வந்தால் 0.1 மில்லிஆம்பியர்தான். நூறு மடங்குக்கும் மேல் குறைவு!

புரோகிராமைத் திறந்தோம். பின்மோட் வரிகளில் 10, 9, அப்புறம்... 6. சுங்கச்சாவடி மோட்டாருக்கு 6 என்று மனதில் வைத்திருந்தான், அதுவே கையிலும் வந்துவிட்டது.

"தப்புன்னு கம்ப்யூட்டர் ஏன் சொல்லல?"

6 என்றும் ஒரு பின் இருக்கிறதே, அதற்கு எப்படித் தெரியும்? 8 என்று மாற்றினான். பச்சை வந்தது. லாரிகள் கிளம்பின.

"அப்போ பின் சாகவே சாகாதா அத்தை?"

மேசை இழுப்பறையிலிருந்து என் பழைய ஊனோவை எடுத்துக் காட்டினேன். 5-ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. அந்தப் பின்னைக் கொன்றது நான்தான். ஒவ்வொரு பின்னுக்கும் சிப்புக்குள் இரண்டு குட்டி டிரான்சிஸ்டர் சுவிட்சுகள்: ஒன்று 5 வோல்ட் பக்கம் இழுக்கும், இன்னொன்று கிரவுண்ட் பக்கம். ஒரு பின்னில் 20 மில்லிஆம்பியர் எடுத்தால் நிம்மதி. 40 உச்ச வரம்பு. நானோ அதில் நேரடியாக மோட்டார் மாட்டினேன். மோட்டார் கிளம்பும்போது நூற்றுக்கணக்கில் இழுக்கும். நிற்கும்போது எதிர்த்திசையில் ஒரு மின் உதையும் கொடுக்கும். சுவிட்ச் கருகிவிட்டது. நடுவில் ஒரு டிரான்சிஸ்டரும், அந்த உதையை வாங்கிக்கொள்ள ஒரு டயோடும் வைத்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரியாது.

அதற்காகப் போர்டைத் தூக்கிப் போடவில்லை. பிறகு அந்த இரண்டையும் வைத்து, ஒயரை 7-க்கு மாற்றி, புரோகிராமிலும் 7 என்று எழுதினேன், வேலை நடக்கிறது. இதே வைத்தியத்தை நாசா, 1977-இல் ஏவிய வாயேஜர்-1 விண்கலத்துக்குச் செய்தது. 2023 நவம்பரில் அது திடீரென்று உளற ஆரம்பித்தது. நினைவகத்தில் ஒரு சிப் கெட்டுவிட்டிருந்தது. போய்க் கழற்றி மாட்ட முடியுமா? விண்கலம் இருந்தது சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தள்ளி. ஒரு கட்டளை அங்கே போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. கெட்ட சிப்பில் இருந்த புரோகிராமைத் துண்டு துண்டாக்கி, நினைவகத்தில் வேறு இடங்களில் குடிவைத்தார்கள். 2024 ஏப்ரலில் வாயேஜர் மறுபடி தெளிவாகப் பேசியது.

கதை கேட்டுக்கொண்டே பயல் அந்தச் சிவப்புப் பொட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் மெதுவாகத் தன் போர்டுப் பக்கம் கையை நீட்டி, 6-ஆம் பின்னில் சொருகியிருந்த மோட்டார் ஒயரைப் பிடுங்கினான்.

"டிரான்சிஸ்டர் இருக்கா அத்தை?"